மேசைக்கு அடியில் போன கேக்

கால்நடை கிளினிக்கின் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு அவன் உள்ளே வந்தான். இரண்டு கைகளிலும் துவண்டுபோன பழுப்பு நாய். முழங்கை வரைக்கும் மைதா மாவு. வெளியே மழை... குளிர்கால விடுமுறையின் முதல் வாரம்.

"டாக்டர் இருக்காரா?"

"நான்தான் டாக்டர். மேசையில படுக்க வைங்க."

அவள் குனிந்து நாயின் ஈறுகளைப் பார்த்தாள். நிமிர்ந்தபோதுதான் அவன் கண்களைப் பார்த்தாள். மழையில் நனைந்தவையா, அழுதவையா... சொல்ல முடியவில்லை.

"பேரு?"

"மூட்டை."

"உங்க பேரு கேக்கல. நாயோட பேரு."

"அவன் பேருதாங்க மூட்டை. தூக்கிப் பாத்தா தெரியும்."

வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "எத்தனை தடவை வாந்தி எடுத்தான்?"

"காலையிலேருந்து அஞ்சு தடவை. தண்ணிகூட நிக்கல."

"என்ன சாப்பிட்டான்?"

அவன் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். பாதித் துண்டு கேக். உள்ளே கறுப்பு கறுப்பாக உலர்திராட்சை.

"எங்க பேக்கரில நான் போட்ட கேக். நாலு நாளா தின்னிருக்கான் போல."

அவள் முகம் மாறியது. "திராட்சை நாய்க்கு விஷம், தெரியாதா? லீவு வந்தாப் போதும், சாப்பாட்டு மேசையில இருக்கறதெல்லாம் நாய் வாய்க்குப் போயிடுது. கிட்னி போயிடுச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? யார் குடுத்தது?"

அவன் கையிலிருந்த மாவைத் தேய்த்தான்.

"நான்தான்."

வரிசையில் பூனையோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நாயின் சிகிச்சை அட்டையை எடுத்தாள். யாராவது அலட்சியமாக இருந்து நாய்க்கு ஆபத்து வந்தால், அட்டையில் சிவப்பு மையில் ஒரு வார்த்தை எழுதுவது அவள் வழக்கம். எழுதினாள். 'கவனக்குறைவு.' அவன் அதைப் படித்தான்.

மூட்டைக்கு இரண்டு நாள் டிரிப்ஸ் ஏறியது. முதல் ரொட்டி அடுப்பிலிருந்து இறங்கியதும் அவன் வந்துவிடுவான். மத்தியானம் மறுபடியும் வருவான். கூண்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அந்தப் பெரிய தலையை மடியில் வைத்துக்கொள்வான்.

"டிரிப்ஸ் ஏறும்போது உடம்பு சில்லுனு ஆயிடும். ஏதாவது பழைய துணி இருந்தா போர்த்துங்க" என்றாள் அவள்.

போட்டிருந்த ஸ்வெட்டரை அங்கேயே கழற்றிப் போர்த்திவிட்டு, மழையில் நடுங்கிக்கொண்டு போனான்.

"பழைய துணின்னுதானே சொன்னேன்..." அவள் முணுமுணுத்தாள்.

"ஆளு போயிட்டாரு டாக்டர், யார்கிட்ட பேசறீங்க?" என்றாள் நர்ஸ் அக்கா. "பன்னு வாசனைதான் இன்னும் இங்க நிக்குது."

"வேலையப் பாருங்க அக்கா."

ஆனால் அவளுக்குப் புரியவில்லை. இவ்வளவு பாசம் வைத்தவன் நாலு நாள் எப்படி இதைக் கொடுத்தான்...

மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. "கிட்னி தப்பிச்சிடுச்சு" என்றாள். அவன் மூட்டையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தோள்கள் குலுங்கின. அந்தத் தோளைத் தொட அவள் கை எழுந்தது... அட்டையைத்தான் எடுத்தது.

"இனிமேலாவது பொறுப்பா இருங்க."

"சரிங்க."

அந்த ஒரு 'சரிங்க' அவளை ஒரு வாரம் தூங்கவிடவில்லை.

வீட்டுக்குப் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினாள். நாயைப் பார்க்கத்தான் போகிறோம் என்று தனக்குத் தானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டாள்.

பேக்கரிக்கு மேலேதான் வீடு. கதவைத் திறந்தது அவன் அப்பா. அவர் காலைச் சுற்றிக்கொண்டு மூட்டை வாலாட்டியது.

"உள்ள வாங்கம்மா. தெருவுல எதையோ தின்னுட்டான்னு பையன் சொன்னான். பொழைக்க வெச்சீங்களே..." என்றவர் நாற்காலியில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார். "ஒரு விஷயம். பையன்கிட்ட சொல்லிடாதீங்க. லீவுக்குன்னு ஆசையா கேக் போட்டுத் தந்தான். பல்செட்டுல கடிக்க முடியல. வேண்டாம்னா அவன் முகம் வாடிடும். அதான் மேசைக்கு அடியில... இவன்கிட்ட தள்ளிவிட்டுட்டேன்."

அவள் அப்படியே நின்றாள்.

"அதனால ஒண்ணும் ஆகலையே டாக்டரம்மா?"

எந்த வீட்டிலும் நோய்க்குக் காரணத்தை முகத்துக்கு நேரே சொல்கிறவள் அவள். அவர் கண்களைப் பார்த்தாள். அவர் மடியில் தலை வைத்திருந்த மூட்டையைப் பார்த்தாள்.

"இப்ப நல்லா இருக்கான் ஐயா. ஆனா நாய்க்குத் திராட்சை ஆகாது. இனிமே மேசையிலேருந்து எதுவும் வேண்டாம். சத்தியமா?"

"சத்தியம்மா."

கீழே அடுப்புக்குப் பக்கத்தில் அவன் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"ஏன் பொய் சொன்னீங்க?"

அவன் மேலே பார்த்தான். புரிந்துகொண்டான். "அப்பா சட்டைப் பையில கேக் தூள் இருந்துச்சு. அதுலதான் கண்டுபிடிச்சேன். தெரிஞ்சா மூட்டைய அப்புறம் தொடவே மாட்டார். அம்மா போனதுலேருந்து அவர் வாய் விட்டுப் பேசறதே அவன்கிட்டதாங்க."

"அத்தனை பேர் முன்னாடி திட்டினேனே..."

"நாய் பொழைக்கணும்னு திட்டினீங்க. இப்ப கேக்குல திராட்சையே போடறதில்ல. பஞ்சு மாதிரி போடறேன், அப்பாவே ரெண்டு துண்டு சாப்பிடறாரு."

அவள் கைப்பையிலிருந்து அட்டையை எடுத்தாள். சிவப்பு வார்த்தையை அடித்தாள்.

"தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க. மேல உங்க அப்பாகிட்ட நானும் முழுசா சொல்லல... உங்க பொய்யில பாதி இப்ப என்னோடது."

அவன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தான்.

"மூட்டை நல்லாயிட்டான். இனிமே உங்க கிளினிக்குக்கு வர எனக்குக் காரணமே இல்ல. அதுதான் ஒரு வாரமா... கஷ்டமா இருக்கு."

"காரணம் இருக்கு" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு. "உங்க ஸ்வெட்டர் என்கிட்டதான் இருக்கு. துவைச்சு மடிச்சு வெச்சேன். இன்னிக்குக் கொண்டுவந்திருக்கலாம்..."

"மறந்துட்டீங்களா?"

"இல்ல. வேணும்னேதான் வெச்சுட்டு வந்தேன்."