பொட்டு வைத்த ஹார்டு டிஸ்க்

சனிக்கிழமை, காலை 9.20. திருவொற்றியூர் குப்பத்தில் மங்கையின் வீட்டு வாசலில் கூட்டம். உள்ளே பிணம் இல்லை. ஒப்பாரி மட்டும் தெருமுனைவரை கேட்டது.

போன வருஷம் காய்ச்சலில் செத்துப்போன மகள் கீர்த்தி. அவள் பேசியது, ஆடியது, பாடியது எல்லாம் ஒரே ஒரு ஹார்டு டிஸ்கில்தான் இருந்தது. அதுவும் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்து, நேற்றுதான் கொழுந்தன் அர்ஜுன் அதே மாதிரி இன்னொன்று வாங்கி நகல் எடுத்தான். இன்று காலையில் போட்டுப் பார்த்தால் இரண்டுமே காலி!

வண்ணாரப்பேட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஸ்டானிஸ்லாஸைக் கூட்டிவந்தார்கள். வாய் சும்மா இருக்காத ஆள், கண்ணும் அப்படித்தான்.

“இவன்தான் சார் அழிச்சான்!” என்றாள் மங்கை. “‘எத்தினி நாளுக்கு இதையே பாத்து அழுதுகினு இருப்ப’ன்னு போன வாரம்கூட கத்தினான், பாவி!”

அர்ஜுன் சுவரோரம் குந்தியிருந்தான்.

“எப்போ காப்பி போட்ட?” என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

“நேத்து காலைல பத்தே கால். பத்தரைக்கு ராகு காலம். சாமி அலமாரிலேர்ந்து ரெண்டையும் எடுத்தாந்து ஒரு டிஸ்க்க இன்னொண்ணு மேல அப்டியே எழுதுற காப்பி மிசின்ல சொருகினேன்.”

“உள்ள இன்னா கீதுன்னு தொறந்து பாத்தியா?”

“டைம் இல்ல சார்.”

“ரெண்டும் ஒரே மாரி கீதே. எது பழசுன்னு எப்டித் தெரியும்?”

“பொட்டு சார். அண்ணி வெள்ளிக்கெயமையானா பாப்பா டிஸ்குக்குப் பொட்டு வைக்கும்.”

ஸ்டானிஸ்லாஸ் இரண்டையும் வெளிச்சத்தில் திருப்பினார். பொட்டு வைத்ததில் ஒரு கீறல் இல்லை. பொட்டில்லாததன் ஸ்டிக்கர் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். அடை அடையாய்ப் பழைய குங்குமம் உதிர்ந்தது. ஐயோ, இங்கே வராமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது அவருக்கு.

“ஏம்மா, நேத்து இத நீ தொட்டியா?”

“புதுசா வந்த சாமானாச்சேன்னு அதுக்கு மொதல்ல பொட்டு வச்சேன். பாப்பாதுல பழச தொடச்சேன். அதுக்குள்ள குங்குமம் தீந்துபோச்சு. பக்கத்து வூட்ல வாங்கினு வர்றதுக்குள்ள இவன் தூக்கினு போய்ட்டான்.”

அர்ஜுனின் முகம் வெளுத்தது. சட்டென்று எழுந்தான்.

“நான்தான் அழிச்சேன் அண்ணி! வேணும்னேதான் அழிச்சேன்!”

“பொய் சொல்லாதப்பா,” என்றார் ஸ்டானிஸ்லாஸ். “யாரும் வேணும்னு அழிக்கல. பொட்டு இருந்தது புதுசுல. அத பழசுன்னு நெனச்சு இவன் மாத்தி சொருகிட்டான். காலியா இருந்தத எடுத்து, பாப்பா மேலயே மிசின் எழுதிடுச்சு. தொறந்து பாக்காதது இவன் தப்பு. பொட்டு மாறினது…”



“திரும்ப எடுக்க முடியாதா சார்? ஒரே ஒரு பாட்டு?” என்றாள் மங்கை.

“சும்மா அழிச்சிருந்தாகூட எடுத்துருப்பேம்மா. இது மேலயே எழுதினது. ஒண்ணும் மிஞ்சல.”

மங்கை அந்தப் பொட்டையே பார்த்தாள்.

“அப்போ நானா சார்?”

அர்ஜுன், “இல்ல அண்ணி, நான்தான்… நான்தான்…” என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.