ஏழாம் நம்பர் டிராலி

பகலில் பேய் வராது என்று அடித்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். வெயிலுமுத்துவுக்கு வந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பக்கத்து வீட்டில் பொம்பில் கருவாடு வறுத்துக்கொண்டிருந்த நேரத்தில்.

தாராவி தொண்ணூறடி ரோட்டுக்கு உள்ளே, தன் தையல் மெஷின் ரிப்பேர் கடைக்கு மேலேயே அவன் குடியிருந்தான். செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறிப் போக வேண்டும். பத்துக்குப் பத்து அறை. ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு கம்ப்யூட்டர். நாற்பத்தேழு வயதாகியும் கல்யாணம் காட்சி இல்லாத மனுஷன், கடையை மூடியதும் மேலே வந்து ரயில் ஓட்டுவான். ரயில் சிமுலேட்டர் என்று ஒரு விளையாட்டு. ஓட்டுவதோடு நிற்காமல் அதில் பாதையையும் அவனே போட்டான். கல்யாண் ஜங்ஷனிலிருந்து மலையேறும் பாதையை ஸ்டேஷன், சிக்னல், சுரங்கம் என்று ஒன்று விடாமல் இரண்டு வருஷம் உட்கார்ந்து செய்திருந்தான். எந்தெந்த தேசத்துக்காரனோ அதில் ரயில் ஓட்டிவிட்டு சபாஷ் போட்டான்.

ஜூலை மழையில் ஒரு சாயங்காலம் பிரேமலதா குடையை ஏணியடியில் சாத்திவிட்டு மேலே வந்தாள். செத்துப்போன அண்ணன் சுடலைக்கண்ணனின் ஒரே மகள். செம்பூரில் ஒரு ஆபீசில் வேலை.

"சித்தப்பா, எங்க அப்பா வேலை பாத்த குவாரிய இதுல போடுவியளா?"

வெயிலுமுத்துவின் கை மவுஸிலேயே நின்றது.

"அது என்னத்துக்குட்டி இப்ப?"

"நேர்லயே போயிட்டு வந்தேன். கேட்டு பூட்டிக் கெடக்கு, உள்ள முழுக்கத் தண்ணி. வாட்ச்மேன் 'பஸ் பஸ், சலோ'ன்னு வெரட்டுதான். அம்மாட்ட கேட்டா அந்தப் பேச்சே எடுக்கப்படாதுங்கா. நீங்கதான அப்பாகூட வேலை பாத்திய? எனக்கு ஒரு வாட்டி அந்த எடத்தப் பாக்கணும். அவ்ளோதான்."

போனை நீட்டினாள். அண்ணனுடைய குவாரி அடையாள அட்டையைப் படம் எடுத்து வைத்திருந்தாள். டிரங்குப் பெட்டிக்கு அடியில் கவிழ்ந்து கிடந்ததாம். பெயர், உயரம், எடை.

"அம்பத்தெட்டு கிலோ! நான் அறுபத்திரெண்டு. அப்பாவ விட நான் வெயிட்டு சித்தப்பா" என்று சிரித்தாள். அப்பாவைப் பற்றி அவளுக்குத் தெரிந்த நிச்சயமான விஷயம் அது ஒன்றுதான், பாவம்.

அந்த வீட்டில் சுடலைக்கண்ணனின் படம் மாட்டுவதில்லை. குடித்துவிட்டு, ஓடுகிற டிராலியில் தாவி ஏறிச் செத்தான் என்று கம்பெனி எழுதி வைத்திருந்தது. அவன் மனைவி கோகிலவாணி அப்போது ஏழு மாசம். இனிக் குடிக்க மாட்டேன் என்று அவள் வயிற்றில் கை வைத்து அவன் சத்தியம் செய்து ஒரு மாசம்கூட ஆகியிருக்கவில்லை. பிள்ளைமேல் செய்த சத்தியத்தை மீறினவனுக்குச் சுவரில் இடம் கிடையாது என்று அவள் சொன்னது இருபத்தாறு வருஷமாக அப்படியே நின்றது. நினைவு நாள் கிடையாது, பொட்டு விளக்குக் கிடையாது.

கம்பெனி எழுதியதற்குச் சாட்சி சொன்னவன் வெயிலுமுத்து.

முடியாது என்று சொல்ல அவனுக்கு ஒரு காரணம் அகப்படவில்லை. "பாக்கேன்" என்றான்.

குவாரி செய்வது மலைப்பாதை செய்வது மாதிரி இல்லை. கல் டிராலி வேண்டும், டிராலியை மேட்டுக்கு இழுக்கிற வின்ச் வேண்டும், கம்பிக் கயிறு வேண்டும். இதையெல்லாம் முன்பே யாராவது மாடலாகச் செய்து போட்டிருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளலாம். தேடினான். நிலக்கரி வேகன் ஆயிரம் கிடைத்தது. வெளிநாட்டுச் சுரங்க எஞ்சின்கள் பளபளவென்று கிடைத்தன. நம்ம ஊர்க் கல் குவாரியின் பலகை அடித்த டிராலியை ஒருத்தனும் செய்திருக்கவில்லை. எவன் செய்வான்? அதை ஒரு சாமானாகவே யாரும் நினைத்ததில்லையே! ரயில் பிரியர்கள் கூடும் தளம் ஒன்றில், இன்ன மாதிரி மாடல் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டு எழுதிப்போட்டான். கிடைக்காது என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது.

மூன்றாம் நாள் ஒரு பதில் வந்தது. பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. ஒரு வார்த்தை எழுதவில்லை. ஒரு ஃபைல் மட்டும்.

ஞாயிறு மத்தியானம் அதைத் திறந்தான். வின்ச் கொட்டகை, சரிவுத் தண்டவாளம், மணிக் கம்பம், டிராலி. நல்ல வேலைப்பாடு. மகிழ்ந்துபோய் டிராலியைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

பக்கவாட்டில் சுண்ணாம்பால் எழுதிய ஏழு.

இடது கதவு நெளிந்திருந்தது. அதை மூடி வைக்க இரும்புக் கம்பி மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. கம்பியின் நுனி கையைக் கிழிக்காமல் இருக்க, சிவப்பு சைக்கிள் டியூப் துண்டு ஒன்று செருகியிருந்தது.

அந்தத் துண்டை வெட்டிச் செருகியவன் அவன்தான். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், தன் கையால்.

பக்கத்து வீட்டுக் கருவாட்டு வாசனை நின்றுபோயிருந்தது. அறைக்குள் வேறு வாசனை. நனைந்த கல் தூள், அதன் மேல் வெடிமருந்துப் புகை.

"சீ, என்ன எழவுடா இது" என்று வாய்விட்டுச் சொன்னான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

சிமுலேட்டரில் ஒரு வசதி உண்டு. வண்டியின் மேல் அம்புக்குறியை வைத்தால் எத்தனை கிலோ சரக்கு ஏறியிருக்கிறது என்று ஒரு கட்டத்தில் காட்டும். டிராலி காலியாகத்தான் இருந்தது. அம்புக்குறி தற்செயலாக அதன் மேல் போயிற்று.

சரக்கு: 58 கிலோ.

பூஜ்யம் என்று மாற்றினான். பதிவு செய்தான். மறுபடி வைத்துப் பார்த்தான்.

58.

எத்தனை முறை இறக்கினாலும் அது இறங்கவில்லை.

அந்த நாளில் குவாரியில், கம்பெனிக் கணக்கில் மணி இரண்டு விதம்தான். ஒன்று அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் இழு. டிராலியில் ஆள் ஏறக் கூடாது என்பது சட்டம். நாள் முழுக்கக் கல் உடைத்தவன் முந்நூறு படி ஏறி மேலே போவானா? கடைசி டிராலியில் உட்கார்ந்துகொள்வார்கள். அதற்காகத் தமிழ் ஆட்கள் தங்களுக்குள் மூன்றாவது மணி ஒன்று வைத்திருந்தார்கள். மூன்று அடித்தால், ஆள் இருக்கு, மெதுவாக இழு. மேலே வின்ச் ஓட்டிய கரீம் பாட்சாவுக்கு அது தெரியும். எந்தக் காகிதத்திலும் அது கிடையாது.

செத்த அன்றைக்கு மத்தியானம் அண்ணன் வெயிலுமுத்துவை எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைந்திருந்தான். பீடி பிடித்துக்கொண்டு வெடி மருந்துப் பக்கம் போனதற்கு. அறைந்தது நியாயம்தான். ஆனாலும் இருபத்தொரு வயது ரத்தம், வலித்தது கன்னமா? சாயங்காலம் ஏழாம் நம்பரில் அண்ணன் மட்டும் ஏறி உட்கார்ந்து, "அடிடே" என்றான். கீழே மணிக் கம்பத்தில் நின்றவன் வெயிலுமுத்து.

கொஞ்சம் குலுங்கட்டும் என்றுதான் நினைத்தான். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தான்.

இரண்டு அடித்தான்.

கயிறு வெடுக்கென்று இழுத்தது. டிராலியைக் கயிற்றோடு மாட்டியிருந்த கொக்கியின் ஊசி தெறித்தது. ஏழாம் நம்பர் பாதிச் சரிவிலிருந்து பின்னோக்கி வந்தது.

விசாரணையில் மேஸ்திரி, "குடிச்சிருந்தான்ல?" என்று இந்தியில் கேட்டான். வெயிலுமுத்து தலையை ஆட்டினான். மணியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சட்டப்படி இரண்டு மணி சரியான மணிதானே!

ஃபைலைத் திறந்த ஞாயிறு இரவே எல்லாவற்றையும் அழித்துவிடத்தான் இருந்தான். அழித்தான், காலையில் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. சரிவு, படிகள், வேப்பமரம் எல்லாம் அவன் போடாமலே போட்டுக் கிடந்தன. ஒரு வாரம் தூக்கமில்லை. சர்க்கரை பார்க்கப் போன இடத்தில் எடை எழுபத்தொன்று, நாலு கிலோ குறைந்திருக்கிறது என்றாள் நர்ஸ்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் பிரேமலதா வந்தாள். அவளுக்குப் பின்னால், ஏணியை இரண்டு கையாலும் பிடித்து, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று, கோகிலவாணி ஏறி வந்தாள்.

"வாங்க மதினி" என்றான்.

அவள் மடியில் ஒரு துணிப்பை. உட்கார்ந்த பிறகும் அதைக் கீழே வைக்கவில்லை. பையின் வாய் வழியாகச் சட்டம் போட்ட படத்தின் ஒரு மூலை தெரிந்தது. இருபத்தாறு வருஷத்தில் அவள் முதல்முறையாக அதை வெளியே எடுத்திருக்கிறாள்.

பிரேமலதா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். "அரே, எவ்ளோ அழகா செஞ்சிருக்கிய சித்தப்பா! அது என்ன மணியா?" என்று, அவன் தடுப்பதற்குள் மணிக் கம்பத்தில் மூன்று தட்டுத் தட்டினாள்.

டாங். டாங். டாங்.

ஏழாம் நம்பர் பூப்போல மேலே ஏறிப்போய் நின்றது.

"பாத்தியாம்மா? சூப்பர்லா!"

திரை ஒருமுறை சிமிட்டியது. டிராலி மறுபடி கீழே நின்றது. பிரேமலதாவின் கை மவுஸில் இல்லை, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

டாங். டாங்.

மூவரும் கேட்டார்கள்.

கயிறு வெட்டி இழுத்தது. ஊசி தெறித்தது. டிராலி திரையை நோக்கி, பெரிதாகி, இன்னும் பெரிதாகி வந்தது. பிறகு திரை முழுக்கச் சாம்பல் நிறத் தூசி.

கோகிலவாணிதான் முதலில் பேசினாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக.

"மூணு அடிச்சா மெதுவாப் போவுது. ரெண்டு அடிச்சா வெட்டுது. அன்னைக்கு எத்தன அடிச்சாவ தம்பி?"

அவன் திரையைப் பார்த்தான்.

"மணி அடிச்சது யாரு?"

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"அவரு குடிச்சிருந்தாரா? நீங்க கண்ணால பாத்தியளா? இத மட்டும் சொல்லுங்க. நான் வேற ஒண்ணும் கேக்கல."

அவள் விரல்கள் பைக்குள் சட்டத்தின் மேல் இருந்தன. ஒரு வார்த்தை போதும். ஒரே ஒரு வார்த்தையில் அந்தப் படம் சுவருக்குப் போய்விடும். அது அவனுக்கும் தெரியும். பிரேமலதா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா என்று கூப்பிட அவனுக்கு உலகத்தில் இருந்தது அந்த ஒரு பிள்ளைதான்.

"குடிச்சிருந்தாரு மதினி" என்றான். "தானா ஓடிப்போயி ஏறுனாரு. இது மாடல்ல ஏதோ தப்பு."

கோகிலவாணி தலையை அசைத்தாள். அழவில்லை. படத்தைப் பைக்குள் கவிழ்த்து வைத்தாள். கீழே இறங்கும்போது மகளின் கையையும் பிடித்துக்கொள்ளவில்லை.

பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டான் வெயிலுமுத்து. அடித்துக்கொண்டு என்ன செய்ய? ஓடிப்போய்ச் சந்து முனையில் அவர்களைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை.

திரையில் தூசி அடங்கியிருந்தது. ஏழாம் நம்பர் சரிவின் அடியில், புறப்படத் தயாராக நின்றது. அம்புக்குறி அதன் மேலேயே இருந்தது.

சரக்கு: 129 கிலோ.

ஒரு கணம் புரியவில்லை. பிறகு ஐம்பத்தெட்டைக் கழித்துப் பார்த்தான்.

எழுபத்தொன்று.

பிளக்கைப் பிடுங்கி எறிந்தான். திரை அணைந்தது. கல் தூள் வாசனை அணையவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் ஏணிக்கு ஓடி, இரண்டு படி இறங்கினான்.

கீழே கடை பூட்டியிருந்தது. பூட்டிய கடைக்குள்ளிருந்து, நிதானமாக, மணிச் சத்தம்.

டாங்.

டாங்.

ஏணிக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூன்றாவதுக்காக நின்றான்.

அது அடிக்கவில்லை.