தென்னேரி மதகிலிருந்து வந்த மூச்சுக்கருவி

சாக்குக்குள் கையை விட்டபோது ரப்பர் வாய்க்கட்டை வெதுவெதுப்பாக இருந்தது. பதினோரு மாதம் தென்னேரி மதகடிச் சேற்றில் புதைந்து கிடந்த சாமான். யாரோ அப்போதுதான் வாயிலிருந்து எடுத்துப் போட்டதுபோல் அதில் பிசுபிசுவென்று எச்சில். ரிஷபதாஸ் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டான். பயம் வரவில்லை. அண்ணன் சுமதிநாதன் முங்கிச் செத்த நாளிலிருந்து அவனுக்கு எதுவுமே வருவதில்லை.

மதகுக் காவல்காரன் முனிசாமிதான் கொண்டுவந்தான். "ஏரி வத்திப்போச்சுபா. சேத்துல மாட்டிக்கினு இருந்துச்சு. உங்க அண்ணனுதானான்னு பாரு." தண்ணீர்கூடக் கேட்காமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டான்.

அண்ணி தயாவதி தூரத்தில் நின்றே பார்த்தாள். "குடிச்சிட்டு எறங்கினாருன்னு ஊர்ல பேசறாங்க. அவரு தப்பா, மிஷின் தப்பான்னு பாத்துச் சொல்லு தம்பி."

தன் பம்புசெட்டுப் பட்டறையின் மேசைமேல் அதைப் பரப்பினான். சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு பித்தளைப் பெட்டி, அதன் இரு பக்கமும் மடிப்பு மடிப்பாக இரண்டு ரப்பர் குழாய்கள், அவை சேரும் இடத்தில் வாய்க்கட்டை. முதுகில் கட்டும் காற்று உருளை கிடைக்கவில்லை. மதகில் அடைப்பெடுக்க என்று மெட்ராஸ் ஏலத்தில் அண்ணன் எடுத்துவந்த பழைய வெளிநாட்டுச் சரக்கு. புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கத் தேய்க்கப் பச்சைக் களிம்பு கரைந்து, பிரெஞ்சு எழுத்துகளும் அவற்றின் கீழே எண்ணும் தெரிந்தன. ஆறு, இரண்டு, ஏழு. அண்ணனுடையதேதான்.

மூடியைக் கழற்றினான். உள்ளே ஒரு பொட்டுச் சேறு இல்லை. மூச்சிழுத்தால் உள்வாங்க வேண்டிய வட்ட ரப்பர் ஓரத்தில் கிழிந்திருந்தது. அது லாரி டியூப் ரப்பர். போன வருஷம் அவசரத்தில் அவனே வெட்டிப் போட்டது.

அப்படியா, என்று மட்டும் தோன்றியது.

அடுத்த வீட்டுத் தறி நின்றது. பாசி வாடை மூக்கில் ஏறியது. காற்று உருளை இல்லாத பெட்டிக்குள் ரப்பர் மெல்லத் தாழ்ந்தது. எழுந்தது. மறுபடி தாழ்ந்தது. தூங்குகிறவன் மார்புபோல.

அவன் கைகள் நிற்கவில்லை. புது ரப்பரை வட்டமாக வெட்டின. பொருத்தின. மூடியை முறுக்கின. இப்போது பெட்டியின் மூச்சு திணறவில்லை. சீராக. ஆழமாக.

"பொழுது சாயுது, சாப்பிட வா தம்பி." தயாவதி வாசற்படியில் நின்றாள். மூச்சுச் சத்தம் அவள் காதிலும் விழுந்துவிட்டது.

"அண்ணி, மிஷின்தான் தப்பு. நான் போட்ட ரப்பர்."

அவள் திட்டவில்லை. அழவில்லை. "அவரு குடிக்கலல்ல?" என்றாள்.

"இல்லண்ணி."

"அது போதும்." முக்காலியில் உட்கார்ந்தாள். வாய்க்கட்டையை எடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவன் கை குழாயின் மடிப்பை நீவிவிட்டது. அவள் அதைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு மூச்சு இழுத்தாள்.

கொண்டை அவிழ்ந்தது. முடி தோளில் விழவில்லை. மேலே எழுந்தது. முந்தானையும் எழுந்தது. காற்றில்லாத பட்டறையில் இரண்டும் மெல்ல அலைந்தன.

அவள் கண்கள் திறந்தே இருந்தன. இமைக்கவில்லை.

வாயோரத்திலிருந்து ஒரு குமிழி கிளம்பியது. இன்னொன்று. ஆடி ஆடி மேலே போய், ஓட்டின் அடியில் முட்டி உடைந்தன.