கவனக்குறைவு என்று எழுதச் சொன்னார்கள்

காலை ஏழே கால் மணிக்குப் பல்கலைக்கழகக் கலை அருங்காட்சியகத்தின் சேமிப்பறையைத் திறந்து விளக்கைப் போட்ட உதவிக் காப்பாட்சியன் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டான். காப்பாட்சியர் அம்மா ஏணிக்குக் கீழே மல்லாந்து கிடந்தார். தலைக்கடியில் ரத்தம் உறைந்து கறுத்திருந்தது. மேல் தட்டில் இருந்த பச்சைப் பீங்கான் ஜாடி, கண்ணாடிபோல மெருகேற்றிய பழைய ஜாடி, பக்கத்தில் சுக்குநூறாகிக் கிடந்தது.

இன்ஸ்பெக்டர் எட்டு மணிக்கு வந்தாள். அவள் தொப்பியைக் கழற்றுவதற்குள் பல்கலைக்கழகப் பதிவாளரும் வந்துவிட்டார். எந்தக் கட்டடம் திறந்தாலும் கத்தரிக்கோலோடு முதல் ஆளாக நிற்பவர். ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் அவருக்கு வைத்திருந்த பெயர் 'ரிப்பன்'.

ரிப்பன் நிறைய வருத்தப்பட்டார். நல்ல மனுஷி, உழைப்பாளி, ஆனால் சமீபத்தில் கொஞ்சம் தடுமாற்றம் என்றார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"கவனக்குறைவால நடந்த விபத்துன்னு எழுதிடுங்க மேடம். சாயங்காலம் நாலு மணிக்கு மியூசியத்துக்கு அங்கீகாரம் குடுக்கற குழு வருது. அவங்களுக்கு நான் பதில் சொல்லிக்குவேன்."

யாராவது இன்னதை எழுது என்று சொன்னால் இன்ஸ்பெக்டருக்குப் பேனா ஓடாது. அவள் குனிந்து உடலைப் பார்த்தாள். இரண்டு கைகளிலும் வெள்ளைப் பருத்திக் கையுறை. சின்னக் கைகள். விரல் நுனிகளில் துணி காலியாகத் தொங்கியது. அருங்காட்சியகத்தில் கையுறை இல்லாமல் இருந்தால்தானே அதிசயம் என்று நினைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அவளும் மனுஷிதானே.

வெளியே பெஞ்சில் இறந்தவரின் கணவர் உட்கார்ந்திருந்தார். கணக்கு வாத்தியார். குழு வருவதால் ராத்திரி முழுக்க வேலை இருக்கும் என்று மனைவி சொல்லியிருந்ததால் அவர் தேடவில்லை. அழுது முடித்த முகம். இவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"ஒண்ணே ஒண்ணும்மா. எம் பொண்டாட்டி கவனக்குறைவா இருந்தான்னு மட்டும் எழுதிடாதீங்க. வீட்டுல உப்பு டப்பாவைக்கூட ரெண்டு கையாலதான் எடுப்பா. செத்துப்போனவமேல பழியப் போடாதீங்க."

அந்த ஒரு வார்த்தைக்கு இருந்த கனம் உதவிக் காப்பாட்சியனிடம் பேசியபோதுதான் புரிந்தது. பதிவாளரைச் செயலாளராகக் கொண்ட ஆட்சிக்குழு, சேமிப்பில் இருக்கும் பெரிய ஓவியங்களை விற்று விளையாட்டரங்கம் கட்டத் துடித்துக்கொண்டிருந்தது. மாணவர்கள் பார்த்துப் படிப்பதற்காக நம்பிக் கொடுக்கப்பட்டவை அவை, வேறு ஓட்டையை அடைக்க விற்கக் கூடாது என்பது அருங்காட்சியக விதி என்று காப்பாட்சியர் ஒற்றை ஆளாக மல்லுக்கு நின்றார். அங்கீகாரம் கிடைத்துவிட்டால் அந்த விதி பல்கலைக்கழகத்தையும் கட்டிப்போடும். விற்கப் பார்க்கிறார்கள் என்பதை இன்று குழுவின் முகத்துக்கு நேரே சொல்வதாக இருந்தார். ஜாடியை உடைத்துக்கொண்டு தானும் விழுந்து சாகும் காப்பாட்சியர் இருந்த இடத்துக்கு யார் அங்கீகாரம் கொடுப்பார்கள்? அதன்பிறகு ஆட்சிக்குழுவை ஏன் என்று கேட்க நாதியில்லை.

இதற்குள் ரிப்பன் இன்னொரு கல்லையும் எறிந்து வைத்தார். விபத்து இல்லை என்று நினைத்தால் உதவியாளனை விசாரியுங்கள், நேற்று மாலை இரண்டு பேருக்கும் பெரிய சண்டை என்றார். இன்ஸ்பெக்டர் அவனைத் திரும்பக் கூப்பிட்டாள்.

"சண்டை நிஜமா?"

"நிஜம்தான்."

"எதுக்கு?"

"குழுகிட்ட வாயத் திறக்காதீங்கக்கான்னேன். ரெண்டு பேரு வேலையும் போயிடும்னு பயம்."

"அப்புறம்?"

"போடா பயந்தாங்கொள்ளின்னாங்க. ஆறு மணிக்குக் கிளம்பிட்டேன். அதுதான் கடைசி மேடம்."

அவன் ஆறு மணிக்குப் போனதைக் காவலாளியும் பார்த்திருந்தான். ஆனால் அதற்கு முன்பே ஏதும் நடந்திருக்கவில்லை என்று காவலாளியால் சொல்ல முடியவில்லை. முன்வாசல் வழியாக வேறு யாரும் வரவில்லை. பின்பக்கம், நிர்வாகக் கட்டடத்தோடு சேர்க்கும் நடைவழி ஒன்று உண்டு. அங்கே யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று இங்கிருந்து தெரியாது. ரிப்பனைக் கேட்டால், ஒரு மாதமாக அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை என்றார்.

உடலை எடுத்துக்கொண்டு போனபிறகு, மேல் தட்டின் விளிம்பில் இன்னொரு ஜாடி எப்போது விழுவேன் என்று நிற்பதை உதவியாளன் கவனித்தான். அதை உள்ளே தள்ளி வைக்கலாமா என்று கேட்டான். இன்ஸ்பெக்டர் தலையசைத்தாள். அவன் வாசலோரம் இருந்த தொட்டியில் சோப்புப் போட்டுக் கை கழுவினான். ஈரம் போகத் துடைத்தான். ஏணியில் ஏறி, வெறுங்கையால், ஒரு கையை அடியிலும் ஒரு கையை வயிற்றிலும் கொடுத்து ஜாடியைப் பிறந்த குழந்தைபோலத் தூக்கி உள்ளே வைத்தான்.

இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு நிர்வாகக் கட்டட மாடியில் இருக்கும் ஆட்சிக்குழு அறையைத் திறக்கச் சொன்னாள். சாவி ரிப்பனிடம் மட்டும்தான் இருக்கிறதாம். முணுமுணுத்துக்கொண்டே வந்து திறந்தார்.

சுவர் முழுக்க விழாப் படங்கள். ஒரு படத்தில் ரிப்பன் வெள்ளைக் கையுறையோடு அந்தப் பச்சை ஜாடியைப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். பக்கத்தில் காப்பாட்சியர் அம்மா, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, ஜாடிக்கு அடியில் தன் வெறுங்கைகளை ஏந்தி நிற்கிறார். மேசை இழுப்பறையில் கத்தரிக்கோல், ரிப்பன் சுருள், விருந்தினர்களுக்கான கையுறைப் பொட்டலங்கள். எல்லாம் பெரிய அளவு. ஒரு பொட்டலம் பிரிந்து காலியாகக் கிடந்தது.

பிற்பகல் மூன்று மணிக்கு மருத்துவர் தொலைபேசியில் பேசினார். இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். வைத்தபின் கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு போட்டாள். பிறகு ரிப்பனையும் உதவியாளனையும் மாடிக்குக் கூப்பிட்டாள்.

"தம்பி, காலையில ஜாடியைத் தூக்க நீ ஏன் கையுறை போடலை?"

"மெருகு போட்ட பீங்கான் மேடம். பருத்தித் துணியில வழுக்கிடும். அதுக்குத்தான் வாசல்ல தொட்டியே வச்சிருக்கு. அக்கா முதல் நாள் சொல்லிக் கொடுத்தது."

"ஆனா அக்கா கையில கையுறை இருந்துச்சு."

பிணத்தின் தலையைத் தவிர அவன் வேறு எதையும் பார்க்கவே இல்லை.

"காலையில எனக்கும் உறைக்கலை," என்றாள் இன்ஸ்பெக்டர். "மியூசியத்துல வேலை செய்யறவங்க யாரும் அந்த ஜாடிக்குக் கையுறை போட மாட்டாங்க. அவங்க மாட்டிவிட்டிருந்தாலும், அக்கா அளவுல மாட்டியிருப்பாங்க. விழாவுல மட்டும் ஜாடியப் பாத்த ஒருத்தருக்குத்தான் அது முறைன்னு தோணும். விருந்தாளிக் கையுறை இந்த அறையில இருக்கு. சாவி உங்ககிட்ட மட்டும் இருக்கு, சார்."

ரிப்பன் முதலில் எகிறினார். துணைவேந்தரைக் கூப்பிடுவேன் என்றார். இன்ஸ்பெக்டர் தொலைபேசியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவர் கை அதைத் தொடவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. நேற்று இரவு ஏழு மணிக்கு நடைவழியாகச் சமாதானம் பேசப் போனாராம். அந்த அம்மா பிடிகொடுக்கவில்லையாம். ஆத்திரத்தில் ஒரு தள்ளு, அவ்வளவுதானாம். இரும்புத் தட்டின் முனையில் தலை மோதிவிட்டதாம். ஏணியைச் சாய்த்ததும் ஜாடியைப் போட்டதும் அதற்குப் பிறகு.

"செத்துட்டாங்கன்னு நெனச்சேன் மேடம். சத்தியமா."

"கையுறை மாட்டினீங்களே. மணிக்கட்டுல நாடி துடிச்சிருக்குமே?"

அவர் தன் கைகளை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டார்.

நாலு மணிக்கு வந்த குழு, உதவியாளன் சொன்னது முழுவதையும் கேட்டுக்கொண்டது. அவன் எதையும் விட்டுவிடவில்லை. இப்படியொரு ஆட்சிக்குழுவின் கீழ் அங்கீகாரம் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டுக் குழு கிளம்பியது. சேமிப்பறைக்குப் போலீஸ் முத்திரை விழுந்தது. வழக்கு முடியும்வரை அங்கிருந்து ஒரு படத்தையும் யாரும் விற்க முடியாது. இப்போதைக்கு அவ்வளவுதான் மிச்சம்.

இன்ஸ்பெக்டர் பெஞ்சுக்கு வந்தாள். வாத்தியார் காலையில் உட்கார்ந்த இடத்தை விட்டு நகரவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். உங்கள் மனைவிமேல் எந்தத் தப்பும் இல்லை, அப்படித்தான் எழுதியிருக்கிறேன் என்றாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு கேட்டார்.

"உடனே போயிட்டாளாம்மா?"

நீதிமன்றத்தில் எப்படியும் தெரிந்துவிடும். இன்ஸ்பெக்டர் பொய் சொல்லவில்லை.

"இல்லைங்க. ரொம்ப நேரம் உயிர் இருந்திருக்குன்னு டாக்டர் சொல்றாரு."

"அவன் ஒரு போன் பண்ணியிருந்தா?"

"பொழச்சிருப்பாங்க."

வாத்தியார் தலையை ஆட்டினார், கணக்கில் விடை சரிதான் என்பதுபோல.

"அவமேல தப்பில்லைன்னு தெரிஞ்சா போதும்னு காலையிலேருந்து நெனச்சுட்டு இருந்தேன்," என்றார். "போதலையேம்மா."