நிழற்குழியின் வெப்பக் கடமை

நிழற்குழியில் பொழுது விடிந்தால் எந்த வீட்டிலும் கேட்கும் வசவு ஒன்றுதான். “வீடு சில்லிட்டுக் கெடக்கு, நீ என்னடான்னா புத்தகத்த வெச்சுக்கிட்டு உக்காந்திருக்க. போய் விளையாடு.” பிள்ளை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கணினி ஆட்டத்துக்கான கண்ணுறையை மாட்டிக்கொள்ளும்.

நிலவின் தென்துருவத்தில் வெயிலே படாத அந்தப் பள்ளத்துக்கு விளையாட்டு சர்வர்களைக் கொண்டுவந்தவள் தில்லைநாயகி. பூமியில் அந்தத் தொழிலில் பாதிச் செலவு இயந்திரங்களைக் குளிர வைப்பதிலேயே கரைந்தது. இங்கே குளிர் இனாம், கொள்ளை லாபம் என்று கணக்குப் போட்டாள். தூரத்தை மறந்துவிட்டாள், பாவம். பூமியில் இருப்பவன் ஆட்டத்தில் சுட்டால், குண்டு பாய்ந்தது அவனுக்குத் தெரிய இரண்டரை விநாடி ஆனது. அதற்குள் எதிரி அவனைத் தீர்த்துக் கட்டியிருப்பான். வாடிக்கையாளர்கள் கம்பி நீட்டினார்கள்.

அப்போது உதித்ததுதான் வெப்பக் கடமை. சர்வர்கள் மும்முரமாக இயங்கினால் சூடாகும்; அந்தச் சூட்டைக் குழாய் வழியே வீடுகளுக்கு அனுப்பலாம். ஊரார் விளையாடினால் ஊர் கதகதப்பாக இருக்கும், இல்லாவிட்டால் விறைக்கும். மின்சாரமும் ஆட்டக் கட்டணமும் குடியேற்றச் சபையின் பொறுப்பு. தில்லைநாயகி பிழைத்துக்கொண்டாள்.

ஒருநாள் ஜெபராணி என்ற இளம் தாய், இரண்டு மணிக்கட்டிலும் கட்டுப் போட்டுக்கொண்டு சர்வர் கூடத்துக்கு வந்தாள்.

“அக்கா, புள்ளைக்குச் சளி. எனக்குக் கை வீங்கிருச்சு. விரலை அசைக்காம விளையாடுற ஆட்டம் ஏதாச்சும் இருக்கா?”

தில்லைநாயகிக்கு உடம்பே கூசிப்போயிற்று. அதே மின்சாரத்தை வெறும் கம்பிச்சுருளில் விட்டாலும் அதே சூடுதான் வரும். சர்வரும் வேண்டாம், ஆட்டமும் வேண்டாம். அது அவளுக்குத் தெரியாதா என்ன? யாரும் கேட்கவில்லை, அவளும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் ஊர் கூடியிருந்த சபையில் ஒரு கம்பிச்சுருளை வைத்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தொழில் படுத்துவிடும், ஊர் காறித் துப்பும் என்று தலைகுனிந்து நின்றாள். ஒருவரும் திட்டவில்லை. அவர்களும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெபராணிதான் முதலில் பேசினாள். “நல்லா இருக்குக்கா நீங்க பண்ணுனது. புள்ளைக்காக விளையாடுறேன்னு வீட்டுல ஒரு வேலை சொல்லாம விட்டிருந்தாங்க. இனி நான் என்னன்னு சொல்லிக் கண்ணுறைய மாட்டுறது?”

சபைத் தலைவர் ஞானதிரவியம் தொண்டையைச் செருமினார். வெப்பக் கடமையில் ஊரிலேயே முதலிடம் அவருக்கு. தில்லைநாயகியின் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

“பூமியிலதான் இந்தக் குளிர் இல்லியேம்மா. அங்க ராப்பகலா விளையாடுறவங்க வீட்டுல என்ன காரணம் சொல்லுவாங்க?”

“காரணமெல்லாம் சொல்றதில்லைங்க,” என்றாள் தில்லைநாயகி. “கேக்க வேண்டியவங்களும் விளையாடிக்கிட்டுத்தான இருப்பாங்க.”

சபைக்கு மூச்சு வந்தது. வீட்டுக்கு வீடு கம்பிச்சுருள் பொருத்துவது என்று அப்போதே தீர்மானமாயிற்று. ஆட்டக் கட்டணத்தை இனி அவரவர் கையிலிருந்தே கட்டிக்கொள்வதாகச் சொல்லி, முன்பைவிட அதிக நேரத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் போனார்கள். தில்லைநாயகியின் தொழில் அன்று இரட்டிப்பானது. அவளுக்குத்தான் யார் முகத்திலும் விழிக்க முடியவில்லை.