ஒன்பதும் நான்கும்

வள்ளியூர்க் குடியடுக்கின் நாற்பதாம் மாடியில், வெள்ளிக்கிழமை காலை இட்லித் தட்டை இறக்கிய கையோடு தேவகுமாரி சமையலறைச் சுவரில் கட்டைவிரலைப் பதித்தாள். நிறைவுமானி விழித்துக்கொண்டது. இந்த வாரத் தாம்பத்தியத்துக்குப் பத்துக்கு எத்தனை? வழக்கம்போல ஒன்பது போட்டாள். மணமானவர்கள் எல்லோரும் வாரந்தோறும் போட வேண்டும். கணவன் தனியே, மனைவி தனியே. ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது.

அவள் கருப்பை இல்லாமல் பிறந்தவள். பிறப்புப்பாதையும் குறுகல். பத்தொன்பது வயதில் மருத்துவர் சொல்லித்தந்த விரிவுப் பயிற்சியை எட்டு மாதம் விடாமல் செய்தாள். பிறகு கணவனாக நயினார் வந்தான்; அவசரப்படாதவன், படுக்கையில் சிரிக்கவைக்கத் தெரிந்தவன். அந்த ஒன்பதில் ஒரு புள்ளிகூடப் பொய்யில்லை.

பத்து மணிக்கு நல்வாழ்வுத் துறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். கொடுத்த மோரை மறுக்காமல் குடித்தாள்.

"அக்கா, கருப்பை இல்லாதவங்க வீட்டுல எங்க கணிப்பி எந்திரம் எதிர்பார்க்கிறது நாலு. நீங்க மூணு வருஷமா ஒன்பது."

"சந்தோஷமா இருந்தா தப்பா தாயி?"

"அதைக்கூட விட்டுட்டோம்க்கா. ஆனா அண்ணாச்சி போன மாசத்துலேருந்து நாலுதான் போடுதாங்க. அவங்க வாடுதது உங்களுக்குத் தெரியல, இல்லன்னா மறைக்கீங்க. ரெண்டுக்கும் ஒரே வைத்தியம். ஆய்வகத்துல வளர்த்த கருப்பையை உங்களுக்குப் பொருத்தணும். செவ்வாய்க்கிழமை வண்டி வரும்."

"எனக்கு வேண்டாம்னா?"

அந்தப் பெண் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். "வேண்டாம்ங்கிறதும் அறிகுறிதான்க்கா."

மதியம் காற்றாலைப் பட்டறையிலிருந்து வந்த நயினாரிடம், ஏன் நாலு போட்டான் என்று கேட்டாள். அவன் முகம் செத்துப்போயிற்று.

"எதிர்பார்க்கிறதுக்கு மேல போடுற வீட்டுக்கெல்லாம் ஆய்வுக்கு வாராங்கன்னு பட்டறையில சொன்னானுவ. அவங்க எதிர்பார்க்கிறதையே போட்டா உன்னை விட்டுருவாங்கன்னு நெனச்சேன், குமாரி."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா உன் முகமே காட்டிக்கொடுத்துரும். உனக்குப் பொய் வராது."

ஓடிப்போய்ச் சுவரில் விரலை வைத்து ஒன்பதாகத் திருத்தினான். 'அச்சத்தில் அளித்த எண் ஏற்கப்படாது' என்று எழுத்து வந்தது.

அவன் சொன்னதை அவள் நம்பினாள். ஆனாலும் சோறு போடும்போது ஒரு தடவை, துணி மடிக்கும்போது ஒரு தடவை, "பொய்க்குத்தான போட்டிய?" என்று கேட்டாள். அவனும் சளைக்காமல், "பொய்க்குத்தான்" என்றான்.

ஞாயிறு மதியம் படுக்கையில் அவன் எப்போதும்போல அவள் தோளில் கைவைத்துக் காதருகே ஏதோ கேலி சொல்லிச் சிரித்தான். எப்போதும் கண்ணை மூடிக்கொள்பவள், அன்று மூடவில்லை. அந்தச் சிரிப்பு அவன் கண்வரை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பார்ப்பதை அவன் பார்த்துவிட்டான். தோளிலிருந்த கை மெல்ல இறங்கியது.