நாலாவது கடிகாரம்

முனீர் பொருத்தியது மூன்று சர்வர்கள். திரையில் நேரம் சொன்னவை நான்கு.

மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் அந்தத் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில், ஏசியின் உறுமலும், பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டிகளின் பசை வாசனையும், 2007 ரமலானின் நோன்பில் காய்ந்த அவன் நாக்கின் கசப்புமாகப் பிற்பகல் நகர்ந்துகொண்டிருந்தது. கூட்டாக வேலை செய்யும் சர்வர்களுக்கு நேரம் ஒன்றாக இருந்தாக வேண்டும். ஊரோடு ஒத்து வாழ் என்பதை மனிதன் மறந்தாலும் அவை மறக்காது. இரண்டு கடிகாரம் முரண்பட்டால் எது பொய் என்று தெரியாது. மூன்று இருந்தால் இரண்டு சொல்வதே நிஜம், மற்றதைப் பொய்யென்று அவை கூட்டத்திலிருந்து கழற்றி விட்டுவிடும். உள்ளே இன்டர்நெட் இல்லை என்பதால், மூன்றையும் ஒன்றையொன்று பார்த்து நேரம் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தான். இப்போது மூன்றும் ஒன்றையொன்று விட்டுவிட்டு, அழையாமல் வந்த நாலாவதைப் பார்த்துக்கொண்டிருந்தன. அது பத்து நிமிடம் முன்னால் ஓடியது.

அதன் நெட்வொர்க் எண் அவன் தன் லேப்டாப்புக்கு ஒதுக்கி வைத்த எண். லேப்டாப்போ பைக்குள் அணைந்து கிடந்தது.

“சிட்டிபாபு, வேற ஏதாவது மெஷின் சொருகினீங்களா?”

கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் சிட்டிபாபு செல்போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. “நான் இன்னா சார் சொருகப் போறேன்? காலைலேர்ந்து இங்கதான குந்திகினு கீறேன்.”

முனீருக்கு நம்பிக்கை வரவில்லை. ஒவ்வொரு ஒயராகக் கையில் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தான். மூன்றே ஒயர்கள். தன்னைப்போல் வெளியிலிருந்து வரும் ஆளின் வேலையைக் கெடுத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல் உட்கார்ந்திருக்கும் ஆட்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான். ஆனால் தோண்டித் துருவ நேரமில்லை. நோன்பு திறக்க வீட்டுக்கு வந்துவிடுவதாக மகள் சோயாவிடம் வாக்குக் கொடுத்திருந்தான். ஏழு வயதில் அவள் பிடித்த முதல் நோன்பு. மூன்றும் ஒத்துப்போகிறதே, போதும் என்று நாலாவதை அப்படியே ஏற்றுக்கொண்டு என்டரைத் தட்டினான்.

நிமிர்ந்தபோது சுவர்க்கடிகாரம் ஐந்து காட்டியது. அவன் வாட்சில் ஐந்தாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. விடியுமுன் சஹர் நேரத்தில் பள்ளிவாசல் சைரனைக் கேட்டுத் திருத்தி வைத்த வாட்ச். மதியம்வரை சுவர்க்கடிகாரத்தோடு ஒத்துப்போன வாட்ச். எட்டி சிட்டிபாபுவின் மணிக்கட்டைப் பார்த்தான். அதிலும் ஐந்து.

“நோன்புல தலை சுத்துதா சார்? கெளம்புங்க.” சிட்டிபாபு சிரித்தான். அந்தச் சிரிப்பு முனீருக்குப் பிடிக்கவில்லை.

ஜி.எஸ்.டி. சாலையில் வழக்கம்போல் பெருங்களத்தூரில் எல்லாம் நின்றுவிட்டது. லாரிப் புகைக்குள் பைக்கை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போன் போட்டான்.

“நூர், பெருங்களத்தூர்ல மாட்டிக்கிட்டேன். நோன்பு திறக்குற பாங்குக்குள்ள வந்துருவேன்.”

மனைவி சிரித்தாள். “என்னங்க விளையாட்டு இது? என் முன்னாடி உக்காந்து கஞ்சி குடிச்சுக்கிட்டே...”

நிறுத்தினாள். பின்னால் ஓர் ஆண் குரல் யாரென்று கேட்டது. முனீரின் குரல்.

“ஹலோ? யாரு பேசுறது?” என்றாள் நூர். அழைப்பு அறுந்தது.

யாரோ வீட்டுக்குள். சோயா இருக்கும் வீட்டுக்குள். கார்களின் கண்ணாடிகளை இடித்துக்கொண்டு பைக்கை நுழைத்தான்.

பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் இருட்டத் தொடங்கியிருந்தது. வீட்டு வாசலில் ஒரு பைக். அவன் உட்கார்ந்திருக்கும் அதே பைக். அதே நம்பர். இறங்கிப் போய்ச் சைலன்சரைத் தொட்டான். சுட்டது.

ஜன்னல் திறந்திருந்தது. பூண்டும் வெந்தயமும் கலந்த கஞ்சி வாசனை. பாய். மூன்று கிண்ணங்கள். நூர். சோயா. முனீரின் தொப்பியைப் போட்டுக்கொண்டு, முதுகு காட்டி ஒருவன்.

பள்ளிவாசலில் இன்னும் பாங்கு சொல்லவில்லை. ஆனால் உள்ளே சுவர்க்கடிகாரம் அவன் வாட்சைவிடப் பத்து நிமிடம் முன்னால் ஓடியது. தட்டில் பேரீச்சங்கொட்டைகள் கிடந்தன.

“சோயா.”

மூவரும் திரும்பினார்கள்.

முனீரின் அதே முகம். மீசையில் கஞ்சி.

நூர் வெளியே பார்த்தாள். உள்ளே பார்த்தாள். மறுபடி வெளியே. மகள் யோசிக்கவில்லை. உள்ளே இருந்தவனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“அத்தா, அது யாரு?”

நூர் மெதுவாக நகர்ந்து மகளுக்குப் பக்கத்தில் போனாள். உள்ளே இருந்தவன் பக்கம்.

இரண்டு பேர் ஒத்துப்போய்விட்டார்கள்.

பிறகு நூர் எழுந்து கதவைத் தாழிட்டாள்.

அப்போதுதான் பாங்கு ஒலித்தது. உள்ளே யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி முனீர் நின்றான். உள்ளே இருந்தவன் அவனையே பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. திரையில் அழையாமல் வந்த நாலாவதை முனீர் பார்த்த அதே பார்வை.

உள்ளிருந்தவன் எழுந்து வந்தான். வாட்சை ஒருமுறை பார்த்துக்கொண்டான். ஜன்னலைச் சாத்தினான்.